மூன்று மணித் தேநீர்

ஜெகதாப்பட்டினம்
4.8.2025

அன்புள்ள சம்பந்தி தஸ்லீமாவுக்கு ஜெய்னப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் கிருபையால் இங்கே அனைவரும் நலம். மூத்த பேரன் அப்துல்லா துபாயில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். சின்னவன் சாதிக் பாட்சா பத்தாவதில் 471. வாத்தியாரே வீடு தேடி வந்து சொன்னார். கடைக்குட்டி ஏழு வயதில் குர்ஆனைப் பார்க்காமல் யாசீன் ஓதுகிறாள். அஞ்சாவதோடு நின்ற கிழவி வீட்டில் இத்தனை! உங்கள் மருமகளாக வந்த என் பேத்தி சாமியாவோ பி.காம். முதல் வகுப்பு.

அவள் காதில் விழக்கூடாதென்று போனில் பேசாமல் கடிதம் போட்டிருக்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து பெரிய பானை நிறையத் தேநீர் போடுகிறாளாம். பகல் பத்து மணிக்கு அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாளாம். 'காத்துக் கருப்போ என்னமோ, ஓதிப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை கொண்டுவந்து விடட்டுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்பது நாள் மணப்பெண் பெட்டியோடு திரும்பினால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

அப்புறம் கிழமையைப் பார்த்தேன். ஞாயிறு, செவ்வாய், வியாழன். சிரித்துவிட்டேன். அம்மாடி, அது பேயில்லை, படகு! எங்கள் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் விடியுமுன் கரைக்கு வரும். அந்த நேரம் எங்கள் தெருவுக்குப் பட்டப்பகல். மீன் ஏலம், ஐஸ் வண்டி, வாசலுக்கு வாசல் பெண்கள் பேச்சு. சாமியாவை உங்கள் வீட்டுக்குக் கொடுப்பதென்று நாங்கள் முடிவு செய்ததே மூன்றரை மணிக்குத்தான். பத்து மணிக்கு வந்து பாருங்கள், தெருவே குறட்டை விடும். பன்னிரண்டு வயதிலிருந்து அவளை உலுக்கி எழுப்பி, கரைக்கு வரும் படகுக்காரர்களுக்குத் தேநீர் போட வைத்தது நான். குற்றம் என்மேல். பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள்.

துஆவுடன்
ஜெய்னப்


அன்னவாசல்
18.8.2025

பெரியம்மாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதம் கண்டு, செவ்வாய்க்கிழமை அலாரம் வைத்து நானும் எழுந்தேன். அடுப்படியில் இருந்த பிள்ளை பதறிப்போய், "மன்னிச்சிருங்க மாமி. முழிப்பு வந்துருது. இங்கிட்டு ஒரு பேச்சுச் சத்தம் இல்ல, பயமா இருக்கு. அதான் டீயாச்சும் போடுவோம்னு..." என்றாள். உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம், விடியக்காலை பஜ்ர் தொழுகைக்குப் பாங்கே சொல்லிவிட்டார்கள். விருந்தும் கடைவேலையுமாக இத்தனை நாளில் நாங்கள் பேசியது மொத்தமே அந்த அளவு இருக்காது.

வியாழனும் எழுந்தேன். இப்போது பத்து மணிக்கு எனக்கும் கண்ணைச் சுழற்றுகிறது. "மாமியாரும் மருமகளும் சோடி போட்டுப் படுத்துட்டா கடைக்குச் சோறு யாரு அனுப்புறது?" என்று வீட்டுக்காரர் கத்துகிறார். கத்தட்டும். வெள்ளிக்கிழமைப் பேச்சை மறந்துவிடுங்கள் பெரியம்மா. அவளை அனுப்ப எனக்கு மனசில்லை.

அன்புடன்
தஸ்லீமா


ஜெகதாப்பட்டினம்
26.8.2025

சம்பந்தி,

என் வயிற்றில் பால் வார்த்தீர்கள். சாதிக்கை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இங்கே தேநீர் இப்போது என் கையில். படகுக்காரர்கள், "பேத்தி பக்குவம் ஒங்களுக்கு வல்லையே நன்னிமா" என்று கேலி பேசுகிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மறுக்கக்கூடாது. நீங்களும் அவளும் சேர்ந்து புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். நிக்காஹ் படத்தில் அவள் கண் சொருகி இருக்கிறாள். வெட்கம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு வியாழக்கிழமை, மணி பதினொன்று! இந்தப் படத்தைச் சாயங்காலமாகப் பார்த்து எடுங்கள்.

ஜெய்னப்