டீ இல்லாமலும் வேலை வாங்கும் மேஸ்திரி

அன்புள்ள மனைவி ரோசம்மாளுக்கு,

ஆண்டவர் கிருபையால் சென்னையில் நலம். உன் முழங்கால் வலி எப்படி?

எனக்குப் புரோஸ்டேட் கேன்சராம். போன்ல சொன்னா நீ அழுவே, அதான் கடுதாசி. பெரிய டாக்டரே நாற்காலி போட்டு விளக்கினார். செல்லுக்குள்ள ஒரு புரதம் ஜீன் பிளானைப் படிச்சு, "கட்டு கட்டு"ன்னு உத்தரவு போடுதாம். "நம்ம மேஸ்திரி வேலைல்லா!"ன்னேன், அசந்துட்டாரு. ஆண் ஹார்மோன்தான் அதுக்கு டீ. ஊசி போட்டு டீயை நிப்பாட்டியாச்சு. சில மேஸ்திரி டீ இல்லாமலும் வேலை வாங்குவானாம். இடுப்பெலும்புல ஏற்கெனவே ரெண்டு இடத்துல கட்டிட்டான்.

எனக்கு அழுகையும் வரல, பசியும் வரல.

நீ இங்க வரும்போது எனக்கு லூசா ரெண்டு சட்டை எடுத்துக்கோ. சிகிச்சைக்கு ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம். எனக்குக் கீழே இருநூறு பேர் இருக்கான்னேன். "சொந்தக்காரர் ஒருத்தர் போதும்"னுட்டாவ.

சேத்தூர் எபனேசர் ஊருக்குக் கிளம்பிட்டான், இந்தக் கடுதாசிய அவன்கிட்ட குடுத்துவிடுதேன். சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரயில் ஏறிரு.

அருளப்பன்