கால் பட்டுவிடும் என்று

18.8.1985, ஞாயிறு

இவரைக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு இப்போதுதான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வலது கணுக்கால் முறிந்துவிட்டது. நாற்பது வயதில் பாராசூட் கிளப்!

நான் பௌதிகம் நடத்துகிறவள். ஒரு வாரமாக இவரை ஸ்டூலிலிருந்து மெத்தையில் குதிக்க வைத்தேன். இரண்டு காலையும் சேர்த்து, முழங்காலை மடக்கி, தரை தொட்டதும் பக்கவாட்டில் உருள வேண்டும். வேகம் அடங்க நேரம் கொடுத்தால் எலும்பில் அடி குறையும். மனப்பாடமாகத் திருப்பிச் சொன்னார்.

இன்று காற்று இவரைத் திடலோரச் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் தள்ளியிருக்கிறது. நேர் கீழே குங்குமம் பூசிய முனியாண்டி கல். அதைத் தவிர்க்கக் காலை அகட்டி, ஒற்றைக் காலில் விறைப்பாக இறங்கியிருக்கிறார்.

"சாமி மேல எப்படிக் கால வைக்கிறது, கமலா?"

"கல்லுங்க அது! படிச்சவர்தானே நீங்க?" வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

கத்திய வேகத்தில், நாளைய பாடத்துக்காக மடியில் வைத்திருந்த பௌதிகப் புத்தகம் நழுவி என் காலில் விழுந்தது. சட்டென்று குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கட்டிலிலிருந்து இவர் மெதுவாகச் சொன்னார்: "அதுவும் வெறும் பேப்பர்தான லா."

நாளை முதல் பீரியட்டே அந்தப் பாடம்தான்: வேகம் அடங்க நேரம் கொடுத்தால் அடி குறையும்.