புத்தகச் சிங்களம்

மச்சாள்,

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தைக்கு வெளியே முருங்கைக்காய் விற்கிறவனிடம் விலை கேட்டேன். நான் கேட்ட கேள்வியை அவன் பக்கத்துக் கடைக்காரிக்கும் ஒருதரம் சொல்லிக் காட்டிச் சிரித்தான். அம்மணி புத்தகம் மாதிரிக் கதைக்கிறா என்று சிங்களத்தில் சொன்னான். அவனில் பிழையில்லை. இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும், அவசரத்துக்கு என் வாயில் வருவது அந்தத் தடித்த நாவலிலிருந்து நீங்களும் நானும் பொறுக்கிய சிங்களம்தான். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்குள் வந்து கதவை இரண்டு தரம் பூட்டினேன்.

நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று அண்ணன் ரொறொன்ரோவிலிருந்து சொன்ன நாள் முதல் எனக்கு அழுகையை விடப் பயம்தான் வருகிறது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் இரண்டு பேரும் ஒற்றை அறையில் இருந்தோமே, அந்த யுத்தக் காலம் நினைவிருக்கிறதா? அண்ணனிடம் போக நீங்கள் விசாவுக்குக் காத்திருந்தீர்கள். எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் வேலை. இருவருக்கும் சிங்களத்தில் எழுத்துக் கூட்டத்தான் தெரியும், கதைக்கத் தெரியாது. ரெண்டு வசனத்தைப் பாடமாக்குங்க, போதும் என்று கீழ்வீட்டு அன்ரி சொன்னா. நீங்கள் கேட்கிற ஆளா? சிங்களப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெரிய நாவல் ஒன்றையும் ஓர் அகராதியையும் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தீர்கள்.

"ஒரு பாஷையைப் பொலிஸ்காரனிட்ட இருந்தே படிக்கிறது? அதின்ர நல்ல புத்தகத்தில இருந்தெல்லோ படிக்க வேணும்" என்றீர்கள்.

அப்படித்தான் அடையாள அட்டைக்குச் சொல் தெரிய முன்னரே நிலவொளிக்குச் சொல் தெரிந்துகொண்டோம். தோணி, ஈரச் சேலை, நெல் காயும் முற்றம், பிரிவு எல்லாம் வந்தன. எங்கே போகிறாய், யாரைத் தெரியும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை. துயரத்துக்குச் 'சோகய' என்று கண்ட அன்று, "இது எங்கட சொல்லெல்லே!" என்று நீங்கள் கத்த, நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். நான் பயந்தாங்கொள்ளி. நீங்கள் துணிச்சல்காரி. அப்படித்தான் நெடுகிலும் நினைத்திருந்தேன்.

பஸ்ஸில் நாங்கள் சேர்ந்து இருப்பதில்லை. நீங்கள் முன்னால், நான் பின்னால். பொட்டும் இல்லை, கதையும் இல்லை. ஆமிச் சோதனையில் ஒருத்தியை இறக்கினால் மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வீட்டில் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் பல பேர் அப்படித்தான் பயணம் செய்தார்கள்.

விசா கிடைத்துவிட்டது என்று கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிய பின்னேரம், சென்றியில், அந்தச் சோதனைச் சாவடியில், பஸ்ஸை மறித்தார்கள். ஏறி வந்த ஆமிக்காரன் உங்கள் அட்டையைப் பார்த்தான். வளர்ந்தது யாழ்ப்பாணமென்றாலும் நீங்கள் பிறந்தது கொழும்பு என்று இருந்ததால் திருப்பித் தந்தான். என்னுடையதில் யாழ்ப்பாணம். "பஹின்ன" என்றான். அந்தச் சொல் நாவலில் இல்லை, ஆனாலும் விளங்கியது. இறங்கினேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக உங்களை மனதுக்குள் கும்பிட்டேன். இன்னும் கொஞ்ச நாளில் பிளேன் ஏற வேண்டியவர், ஒரு பொலிஸ் பதிவு விழுந்தாலே எல்லாம் போய்விடும்.

பஸ் உறுமியது. ஆனால் புறப்படவில்லை. நீங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தீர்கள்.

"மம ஏய ஹெர நொயமி."

அவளை விட்டு நான் செல்லேன். நாவல்காரர்கள் எழுதுவார்களே தவிர, வீதியில் நின்று எவரும் அப்படிச் சொல்வதில்லை. ஆமிக்காரன் வாயைப் பிளந்தான். மற்றவனைக் கூப்பிட்டான். திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னீர்கள். அவர்கள் சிரித்தார்கள், எனக்கு உயிர் வந்தது. சட்டென்று சிரிப்பு நின்றது.

"கவுத இகென்னுவே?" யார் உனக்குப் படிப்பித்தது?

யாழ்ப்பாணத்துக்காரியோடு வந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இவ்வளவு திருத்தமான சிங்களத்தை யார், எங்கே வைத்து, எதற்காகப் படிப்பித்தார்கள்? அவன் கண்ணில் அந்தக் கேள்வியைக் கண்டேன். எனக்குச் சிறுநீர் முட்டியது. பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. நீங்கள் பையிலிருந்து நாவலை எடுத்து நீட்டினீர்கள். வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்து அதைப் பிரித்தார், எங்கள் பென்சில் கீறல்களைப் பார்த்தார், கதையைச் சொல் என்றார். மூத்தவன் தோணியில் ஊரைவிட்டுப் போகிற இடம் வரைக்கும், அதே புத்தகச் சிங்களத்தில் சொன்னீர்கள். அதற்குப் பிறகு? வாசிக்கவில்லை என்றீர்கள். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த மூத்தவன் திரும்பி வரவே மாட்டான் என்று கதையின் முடிவைத் தானே சொல்லி, புத்தகத்தை உங்கள் கையில் வைத்து, போங்கள் என்று தலையை ஆட்டினார்.

அடுத்த பஸ்ஸில் சேர்ந்து இருந்தோம். "முடிவைச் சொல்லிப் போட்டானே, பாவி" என்றீர்கள். அடுத்த நிமிடம் ஜன்னலால் தலையை நீட்டிச் சத்தி எடுத்தீர்கள். நான் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

நீங்கள் கனடா போய்ப் பல வருடங்களுக்குப் பிறகுதான் போனில் கேட்டேன், விசாவைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் மச்சாள் இறங்கினீங்கள் என்று. என்னில் உள்ள பாசத்தால் என்று சொல்வீர்கள் என எதிர்பார்த்தேன். சொல்லக் கேட்க ஆசையாகவும் இருந்தது.

"பயத்திலதான் இறங்கினனான்" என்றீர்கள். "கீழ நிண்ட உம்மட கண்ணுக்கு நானும் தெரிஞ்சனான், ஆமிக்காரனும் தெரிஞ்சவன். எனக்கு முன் சீட்டின்ர முதுகு மட்டும்தான் தெரிஞ்சது. உம்மை விட்டுட்டு அந்த பஸ்ஸுக்குள்ள தனிய இருக்க என்னால ஏலாமல் போச்சு."

அன்று நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன். அண்ணனின் போன் வந்த பிறகுதான் விளங்குகிறது. இந்த முறை இறக்கப்பட்டது நீங்கள். பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் உள்ளே இருக்கிறேன். பயமாக இருக்கிறது, மச்சாள்.