படிக்கட்டில் ஒரு தூசி

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் பிரிண்டிங் கடைக்கு ஒரு வக்கீலம்மா வந்தார். ஆபீஸில் கட்சிக்காரர்கள் காத்திருக்கும் அறையில் சுவர் முழுக்க ஒரே படம் ஒட்டவேண்டுமாம். பழைய புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஜெயில்! அவர் போனதும் கடை நடத்தும் அக்கா சிரித்தார். "வக்கீல் ஆபீஸ்ல ஜெயில் படமா? வர்றவன் பாத்ததும் கேட்ட ஃபீஸக் குடுத்துருவான்."

படத்தை ஸ்கேன் செய்து சுத்தப்படுத்துவது என் வேலை. தூசி, கறை, பூச்சி அரித்த புள்ளி எல்லாவற்றையும் மவுஸால் அழிக்கவேண்டும். யாரிடமும் பேசத் தேவையில்லை. அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

நாள் முழுக்க அந்த ஜெயில்தான். யாரோ செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவைத்து அச்செடுத்தது. இப்படி ஒரு ஜெயில் எங்கேயும் கிடையாது, மனதிலிருந்து வரைந்தது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மற்ற பக்கங்களில் இடிந்த மண்டபங்கள், வளைவுகளில் செடி முளைத்து. அழகுதான், பார்த்துவிட்டுத் திருப்பிவிடலாம். இதைத் திருப்ப முடியவில்லை. பாலத்துக்கு மேல் பாலம், படிக்கு மேல் படி. எங்கேயாவது முடியும் என்று கண் போய்க்கொண்டே இருக்கிறது. பூட்டிய கதவு ஒன்றுகூட இல்லை. பிறகு ஏன் யாரும் வெளியே போகவில்லை?

என்னையும் யாரும் பள்ளிக்கூடம் வராதே என்று சொல்லவில்லை. காய்ச்சலில் படுத்தேன். அப்புறம் போகவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். "ஜெயிலப் பாத்து என்னடி ரசனை? சாப்பிடு மொதல்ல."

மார்ச் 6, வெள்ளி

படம் பட்டை பட்டையாக அச்சாகிவிட்டது. திங்கட்கிழமை ஒட்டுகிறார்கள்.

சாயங்காலம் வக்கீலம்மா போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். "மேல் படிக்கட்டுல தனியா ஒருத்தர் இருப்பாரே, தெளிவா வந்திருக்காரா? காலேஜ் படிக்கறப்பலேர்ந்து அவரத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"சூப்பரா வந்திருக்கும்மா" என்றார் அக்கா. படத்தைப் பார்க்காமலே.

மேல் படிக்கட்டு... ஐயோ. அது தூசின்னுதானே நான் —

மார்ச் 7, சனி

லென்ஸ் வைத்துப் புத்தகத்தைப் பார்த்தேன். ஆள்தான். முதுகு வளைந்து, ஒரு கை நீட்டி. எங்கள் அச்சில் அவர் இல்லாத படிக்கட்டு, வீட்டு மாடிப்படி மாதிரி சின்னதாகிவிட்டது. அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பெரிதாகக் காட்டியதே அந்தப் பொட்டு ஆள்தான்.

அக்காவிடம் சொல்லப் போனேன். "என்னடி?" என்றார். "தண்ணி குடிச்சிட்டு வரேன்கா" என்றேன். ச்சீ. வேலைய விட்டு அனுப்பிட்டா எங்க போவேன்? எங்க போனாலும் பேசணுமே.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா நம்பரை எடுத்தேன், அழைக்காமலே போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

பட்டைகள் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்க்க அக்கா என்னையும் கூட்டிப்போனார். ஒட்டி முடித்ததும் வக்கீலம்மா வந்து நின்றார். வெகுநேரம் மேலேயே பார்த்தார்.

"எங்க அவரு? வெளிய போயிட்டாரா?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரும்மா?"

"நான்தான் அழிச்சேன். தூசின்னு நெனச்சுட்டேன்." என் குரலா அது?

"வாயே தொறக்காத பொண்ணு, தொறக்கற நேரமாடி இது!" அக்கா பல்லைக் கடித்தார்.

வக்கீலம்மா கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "எனக்கு அவர் வேணும்" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. திரும்பவும் அதே படம். இப்போது எந்தப் புள்ளியையும் அழிக்கும் முன் லென்ஸை எடுக்கிறேன், இதுவும் ஆளாக இருந்தால்?

இருந்தது. பாலத்துக்கு அடியில் இன்னொருத்தர், அவரையும் போன தடவை அழித்திருக்கிறேன். அவரை யாருமே கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

போய்ச் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஜெயிலயே காலி பண்ணிட்டியேடி!" அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

புதுப் பட்டைகளோடு அக்கா என்னைத்தான் அனுப்பினார். ஒட்டுகிற அண்ணன் வேலை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஓரம் எழும்பாமல் காய்கிறதா என்று நான் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் கையில் கட்டுப் போட்ட ஒரு கட்சிக்காரர்.

"அந்த ஆளு ஏறறானா, எறங்கறானா?"

"ஏறறார்."

"முதுகப் பாரும்மா. எறங்கறவன்தான் அப்படிக் குனிஞ்சு போவான்."

"படி செங்குத்தா இருந்தா ஏறறவங்களும் குனிவாங்க."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போனவர், கதவருகே திரும்பி, "எறங்கறான்" என்றார்.

"இல்லவே இல்ல, ஏறறார்!"

அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தார்கள்.