வாப்பா கையில் வந்த ஆன்டிபாடி

இன்று காலை லேபுக்கு ஒரு தெர்மோகோல் பெட்டி வந்தது. பழுப்பு டேப்பைக் கத்தியால் கிழித்து மூடியைத் தூக்கினால் அதே வாசனை, ஈர அட்டையும் குளிரும் கலந்தது. ஜெல் பைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குப்பி, அதன் அடியில் நாலு சொட்டு ஆன்டிபாடி. இவ்வளவு பெரிய பெட்டிக்கு இத்தனூண்டு சரக்கா என்று நீ ஒவ்வொரு தடவையும் சிரிப்பாய். இன்றைக்கு நீ இல்லாததால் நானே சிரித்துவைத்தேன். பக்கத்து மேசைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. முன்கதை முழுக்க உனக்குத் தெரியும், ஆனாலும் குறுக்கே பேசாமல் கேள்.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை ஒரே ஒரு முறைதான் படி எடுக்க வேண்டும். இரண்டாம் முறை எடுத்துவிடாமல் தடுத்து வைக்கிற புரதத்துக்கு ஜெமினின் என்று பெயர். செல்லுக்குள் இருக்கிற அத்தனை புரதங்களிலும் ஜெமினினை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி நம்மிடம் இருந்தது. அது ஒட்டிய இடம் படத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். நீ நம் கடலில் எடுத்த கடற்பஞ்சின் சாற்றைப் புற்றுநோய்ச் செல்களுக்குக் கொடுத்தாய், ஜெமினின் பட்டை காணாமல் போனது. சாறு படாத செல்களில் பட்டை ஜம்மென்று இருந்தது. தடுக்கிற ஆளைச் சாறு விரட்டிவிட்டது, இனி செல் கண்டபடி படி எடுத்துத் தானே சாகப்போகிறது என்று லேபே துள்ளியது. நான் ஓடிப்போய் சமோசா வாங்கி வந்தேன்.

நீ சமோசாவைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "ஏய் கராச்சர்மா," என்றாய். என் வீடு இருக்கிற ஊர்தான் உனக்கு என் பெயர். "படி எடுக்கவே ஆரம்பிக்காத செல்லுலயும் ஜெமினின் இருக்காதுல்ல? சாறு செல்லைச் சும்மா நிப்பாட்டி வெச்சிருந்தாலும் இப்படித்தான்டீ தெரியும்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் நீ சொன்னதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைச் சோதிக்க இன்னொரு ஆன்டிபாடி வேண்டும். சிடிடி-ஒன்று என்கிற புரதத்தைக் காட்டுவது. படி எடுக்கும் முன் நிற்கிற செல்லில் அந்தப் புரதம் நிறைய இருக்கும். சாறு கொடுத்த செல்லில் அதன் பட்டை தடித்துத் தெரிந்தால் உன் கண்டுபிடிப்பு காலி. உன் ஆராய்ச்சிப் பட்டமே அந்த அத்தியாயத்தை நம்பித்தான் நின்றது. தன் தலையில் போடுகிற கல்லைத் தானே ஆர்டர் செய்கிறாளே, இவளுக்குக் கிறுக்கா என்று நினைத்தேன்.

மழைக்காலத்தில் விமானம் தவறும் என்பதால் பார்சல் எங்கே கிடந்து வேகுமோ என்று உனக்குப் பயம். மெயின்லாண்டிலிருந்து நம் தீவுக்கு யார் வந்தாலும் பாதித் தெருவின் சாமான் அவர் பையில்தானே வரும். மூக்குக்கண்ணாடி, சுகர் மாத்திரை, கல்யாண ஜாக்கெட், எல்லாம். அப்போது உன் வாப்பா பாத்திரக்கடைக்குச் சரக்கு எடுக்கச் சென்னை போயிருந்தார். குப்பியை அங்கே வாங்கிக் கையோடு கொண்டுவரச் சொல்லி, "சில்லுனு இருக்கணும் வாப்பா, அவ்வளவுதான்," என்று போனில் சொன்னாய். அந்த அவ்வளவுதான் நம்மைக் கவிழ்த்தது.

விமானம் போர்ட் பிளேருக்கு மேலே வந்து, மேகத்தில் சுற்றிச் சுற்றி, இறங்க முடியாமல் மறுபடி சென்னைக்கே போனது. ஐஸ் உருகுகிறது என்று அவர் பதறிவிட்டார். லாட்ஜுக்குக் கீழே இருந்த ஜூஸ் கடைக்காரரிடம் கெஞ்சி, ஐஸ்கிரீம் வைக்கிற டீப் ஃப்ரீசரில் குப்பியை வைத்து, யாரும் அதை நகர்த்திவிடாமல் கடை மூடும்வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் ஏர்போர்ட் வாசலில் சவரம் செய்யாத முகத்தோடு பெட்டியை உன்னிடம் நீட்டினார். "கல்லு மாதிரி உறைஞ்சிருச்சு புள்ள. ஒரு சொட்டு இளகல. செக்கிங்ல 'க்யா ஹை இஸ்மே', இதுல என்ன இருக்குன்னு ஒருத்தன் திறக்கப் பார்த்தான். என் மக மருந்துடா, கைய எடுன்னுட்டேன்."

குப்பியின் மேலேயே போட்டிருந்தது, உறைய விடக் கூடாது என்று. மீன் வாங்கி வளர்ந்த ஊர்க்காரருக்கு ஐஸ் கூடினால் கெட்டுப்போகிற பொருளும் உண்டு என்று யார் சொன்னது? நான் வாயைத் திறக்கப் போனேன். நீ என் காலை மிதித்தாய், நன்றாக வலித்தது.

இருந்தாலும் சோதனையை ஓட்டிப் பார்த்தோம். சாறு கொடுத்த செல்லில் சிடிடி-ஒன்றின் பட்டை இல்லை! "தப்பிச்சோம்டீ!" என்று கத்தினேன். நீ பக்கத்து வரிசையில் விரலை வைத்தாய். "கத்தாதே. சாறு படாத செல்லுலயும் ஒண்ணும் இல்ல பாரு, அதுல கொஞ்சமாவது தெரியணும்ல. ஆன்டிபாடி செத்துப்போச்சு." அதை அப்படியே படத்தின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, புதிதாக ஒன்றுக்குக் கேட்டு அனுப்பினாய்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனோம். கல்லாவிலிருந்தே வாப்பா கேட்டார், "நம்ம மருந்து வேலை செஞ்சுச்சா?" நீ கண் இமைக்காமல், "வேலை செஞ்சுது வாப்பா," என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பட்டைக்காகப் பட்டத்தையே பணயம் வைக்கிறவள் என்னமாய்ப் புளுகுகிறாள்! பிறகு எத்தனை தடவை கேட்டார், எத்தனை தடவை சொன்னாய்.

இரண்டாவது குப்பி நல்லபடியாக வந்தது. சாறு கொடுத்த செல்லில் பட்டை தடியாக, வெட்கமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. செல் நின்றுதான் போயிருந்தது, கண்டபடி படி எடுக்கவில்லை. நீ ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதாய். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, "நிப்பாட்டுதுன்னே எழுதுறேன், அதுவும் ஒரு வேலைதானே," என்றாய். அத்தியாயத்தைத் திரும்ப எழுத ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. பட்டம் வந்தது. துள்ளிய கூட்டம் அதற்குள் கலைந்திருந்தது.

அப்புறம் ஒரு காய்ச்சல். மெயின்லாண்டுக்குக் கொண்டுபோக டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ போய்விட்டாய். எனக்கு இன்னும் உன் மேல் கோபம்தான், அதை மறைக்க மாட்டேன்.

போன வாரம் குக்கருக்கு கேஸ்கட் வாங்கக் கடைக்குப் போனேன். வாப்பா இளைத்துவிட்டார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். என்னவோ பேச்சில், "அந்தக் குப்பி கெட்டுப் போயிருந்துச்சுல்ல?" என்றார். எனக்கு டீ புரையேறியது.

"எப்படித் தெரியும் மாமா?"

"ரெண்டாவது பெட்டியக் கூரியர்க்காரன் வழி தெரியாம இங்கதானம்மா கொண்டாந்தான். அதே கம்பெனி, அதே மாதிரிப் பெட்டி. நாந்தான் வழி சொல்லி அனுப்புனேன். நான் கொண்டாந்தது உருப்படியா இருந்தா இன்னொண்ணு எதுக்கு வருது? வியாபாரிக்கு இது தெரியாதா?"

"அப்புறம் ஏன் மாமா அவகிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

அவர் கேஸ்கட்டைத் தாளில் சுற்றினார். "அவ 'வேலை செஞ்சுது வாப்பா'ன்னு சொல்றது கேக்க நல்லா இருந்துச்சும்மா."

இதுதான் விஷயம். நீ ஏமாற்றவில்லை, அவரும் ஏமாறவில்லை. நீ இருந்திருந்தால் ஓடிவந்து உன் முதுகில் ஒரு அடி வைத்துச் சொல்லியிருப்பேன். புதிதாக வருகிற எந்த ஆன்டிபாடியையும் இப்போதும் முதலில் சாறு படாத செல்லில்தான் சோதிக்கிறேன். அது உன் பழக்கம், என்னிடம் தங்கிவிட்டது.

நேற்று பஸ்ஸுக்காகக் கடையைத் தாண்டிப் போனேன். உள்ளே வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்துக் குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார், "என்ன புள்ள, நம்ம மருந்து வேலை செஞ்சுச்சா?"

வேறு யாரும் இல்லையே சொல்ல. மாமா என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "வேலை செஞ்சுது வாப்பா," என்றேன்.