ரீசெட் செய்தது நான்தான்

சனி, 8
காலையிலிருந்தே வெயில். செமிலிங் ஊரில் அக்கா வீடு. அவள் மகள் கவிதாவுக்கு மேல்படிப்புக்கான உபகாரச் சம்பள இன்டர்வியூ, திங்கள் பத்து மணிக்கு, கம்ப்யூட்டரில். பழைய மோடத்தின் வைஃபை அவள் அறைக்கு எட்டாது. புது ரூட்டர் வாங்கிப் போனேன்.

செய்ய வேண்டியது: மோடத்தை 'பிரிட்ஜ்'-இல் போடுவது. டெலிபோன் லைனை வாங்கி ரூட்டருக்குக் கொடுப்பது மட்டும் இனி அதற்கு வேலை. லைனின் யூசர்நேம், பாஸ்வேர்டை மோடத்திலிருந்து எடுத்து ரூட்டரில் போட வேண்டும். அரை மணி நேர வேலை.

மோடத்தின் செட்டிங்குக்குள் நுழையவே முடியவில்லை. அதற்கு வேறு ஒரு பாஸ்வேர்ட்.

கவிதா: "மாமா, லைன் கம்பெனிக்கு போன் போட்டுக் கேப்போமா?"

இருபத்திரண்டு வருஷம் ஃபேக்டரியில் டெக்னீஷியன். நான் போய்க் கேட்பதா? அவள் குடிக்கத் தேத்தண்ணீர் கலக்கப் போன நேரம், ஊக்கால் ரீசெட்டை அழுத்தினேன். எல்லாம் அழிந்தது. லைனின் யூசர்நேமும்தான். எங்கும் எழுதி வைக்கவில்லை.

மூன்று மணி நேரம் போராடினேன். மோடத்தில் சிவப்பு விளக்குதான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"லைன்தான்கா போச்சு. கம்ப்ளெய்ண்ட் பண்ணு."

வாய் தானாகச் சொன்னது.

திங்கள், 10
மழை. கம்பெனி ஆள் நாளைக்குத்தானாம். கவிதா கைப்பேசியில் இன்டர்வியூ செய்தாள். அந்த வீட்டில் சிக்னல் ஒரு கோடு. இரண்டு தடவை கட். மூன்றாவது தடவை அவர்கள் எடுக்கவில்லை.

அக்கா போனில் அழுதாள். "இந்த லைன்காரனுங்களே இப்படித்தான்கா" என்றேன். இதைச் சொன்னதும் நான்தான்.

செவ்வாய், 11
அரை நாள் லீவு. லைன்காரர் வந்தார். முனியாண்டி, பாலிங் ஊர்க்காரர், நரைத்த மீசை. மோடத்தின் செட்டிங்கைத் திறந்து பார்த்தார். கம்பெனியில் யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்டு ரூட்டரில் போட்டார். மோடம் பிரிட்ஜில். பதினைந்து நிமிடம். பச்சை விளக்கு.

அக்கா விடவில்லை. "ஒங்க லைனால எம்மவ படிப்பே போச்சு. மனசாட்சி வேணும்லா!"

அவர் என்னைப் பார்த்தார். நான் ரூட்டர் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றார். செய்யாத தப்புக்கு.

மத்தியானம் வேலைக்குத் திரும்பினேன்.

புதன், 12
இன்டர்வியூக்காரர்களுக்குக் கவிதா போட்ட இமெயிலுக்குப் பதில் வந்ததாம். நாளைக்கு மறுபடி இன்டர்வியூ. நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வேலை முடிந்து நேராக செமிலிங். சொல்லிவிட்டேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு:

"எங்கிட்ட சொல்லிட்ட, சரி. அந்த மனுசன நிக்க வச்சு ஏசுனேனே தம்பி. அவருகிட்ட யாரு சொல்றது?"

கவிதா நிமிரவே இல்லை. கம்ப்ளெய்ண்ட் தாளில் இருந்த அவர் நம்பரை மட்டும் எழுதி நீட்டினாள்.

வியாழன், 13
இன்டர்வியூ நல்லபடி முடிந்தது. லைன் ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். ஃபேக்டரி கேண்டீனுக்குப் பின்னால் நின்று முனியாண்டிக்குப் போன்.

"அண்ணே, மோடத்த ரீசெட் பண்ணது நான்தான்."

"தெரியும்ணே. தொறந்ததுமே தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன் அக்கா ஏசுனப்ப சும்மா நின்னீங்க?"

"நீங்களே சொல்லுவீங்கன்னுதான், அன்னிக்கு சாமானெல்லாம் மெதுவா எடுத்து வச்சேன்."