மலையிலிருந்து இறங்கிய ஊர்ப்பலகை

27 ஏப்ரல், ஞாயிறு

மோன்செர் ஊர் மக்களுக்கும், அவர்களைவிட எண்ணிக்கையில் அதிகமான வெள்ளை மாடுகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: காஸ்பார் வோத்ரோ, வயது பதினைந்து, இன்று காலை கால்வாய்ப் பாதையில் சைக்கிள் ஓட்டும்போது ஓர் ஈயை விழுங்கினான். காஸ்பார் (நான்தான்) நலம். ஈயின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.

இதைத் தவிர இந்த ஊரில் இன்று ஒன்றும் நடக்கவில்லை. நேற்றும் நடக்கவில்லை. நாளைக்கும் நடக்காது என்று எழுதித் தருகிறேன்.

சரி, ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு மறுபடியும் என்னைக் கழற்றிவிட்டுப் போய்விட்டது. அதே இடம்தான். மலையடிவாரம் தாண்டியதும் பழைய துணி துவைக்கும் மண்டபம் இருக்கிறதே, அந்த வளைவு. அதுவரை நான் புலி. அதற்கு மேல் புலித்தோல் மட்டும். மேலே ஊர் எல்லையில் நிற்கிற பலகையை நோக்கி மற்றவர்கள் பாய்ந்தார்கள். முதலில் தாண்டுகிறவருக்கு மற்றவர்கள் காபி வாங்கித் தர வேண்டும். வழக்கம்போல என் அக்கா கிளெமான்ஸ் ஜெயித்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கோப்பையின் அடியில் சர்க்கரை காய்ந்திருந்தது.

29 ஏப்ரல், செவ்வாய்

சைக்கிள் சங்கத் தலைவி மேடம் ஃபோர்னெரோ அறிக்கை விட்டுவிட்டார். முப்பது வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். அவருடைய கெண்டைக்கால்களைப் பார்த்து நாய்களே ஒதுங்கும்.

"ஜூன் எட்டாம் தேதி மூணு மடாலயச் சுத்து. நூத்தி அறுபது கிலோமீட்டர். பதினெட்டு வயசு ஆகாதவங்க அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமையாவது குழுவோட சேர்ந்து ஊர்ப்பலகைக்கு வரணும். வராதவங்க வீட்டுல தூங்கலாம்."

சங்கத்தில் பதினெட்டு ஆகாதவன் நான் ஒருத்தன்தான்.

"இது பொது விதியா, என்மேல வழக்கா?" என்றேன்.

"ரெண்டும்தான்."

ஜூன் பத்தாம் தேதி அக்கா பிரெஸ்ட்டுக்குப் போகிறாள். வேலை கிடைத்துவிட்டது. நாட்டின் அந்தக் கோடி, அதற்கப்புறம் கடல்தான். எனக்கு எட்டு வயதிருக்கும்போது சமையலறை வரைபடத்தில் மூன்று மடங்களையும் சிவப்புப் பேனாவால் இணைத்து, "நீ பெரியவனானதும் ரெண்டு பேரும் ஓட்டறோம்" என்றவள் அவள்தான். நான் பெரியவனாகிவிட்டேன். அந்த மேடுதான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

4 மே, ஞாயிறு

அதே வளைவு. எழுத ஒன்றுமில்லை.

7 மே, புதன்

உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் கால் தானாக ஆடுகிறது. "சூப்புல அலையடிக்குதுடா, காலை நிறுத்து," என்கிறாள் அம்மா. எப்படி நிறுத்துவது? இது என் காலா, என் பேச்சைக் கேட்க?

ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல யோசனையா என்று கேட்காதே. வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

10 மே, சனி

விதி என்ன சொல்கிறது? குழுவோடு பலகைக்கு வர வேண்டும். பலகை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறதா? இல்லையே!

மதியம் பன்னிரண்டரைக்கு நானும் என் நண்பன் பஸ்தியானும் போனோம். அவன் அப்பாவுக்கு கராஜ், அதனால் ஸ்பேனருக்குப் பஞ்சமில்லை. இந்த நாட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேவாலயத்தையே தூக்கிக்கொண்டு போனாலும் யாரும் மேசையை விட்டு எழுந்து வரமாட்டார்கள்.

"எதுக்குடா இது?"

"என்னால மேல போக முடியலை. மேல இருக்கறதைக் கீழ கொண்டு வர்றேன்."

"பைத்தியமா உனக்கு?" என்றான். ஆனால் நான்கு போல்ட்டையும் அவன்தான் கழற்றினான்.

சிவப்பு விளிம்பு போட்ட பலகையை அவன் மொபெட்டில் வைத்து இறக்கி, மண்டபத்து வளைவுக்கு முன்னால், 'மாடுகள் கடக்கும்' என்ற பலகை இருக்கிற கம்பத்திலேயே மாட்டினோம். மாட்டுப் படத்துக்குக் கீழே 'மோன்செர்'. பொருத்தம் கச்சிதம்.

மாலையில் ஒரு டச்சுத் தம்பதி கேரவனை அங்கே நிறுத்தி, கையில் புத்தகத்தோடு பன்னிரண்டாம் நூற்றாண்டு தேவாலயத்தை மாடுகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மகா மேதை.

11 மே, ஞாயிறு

மேதை செத்தான்.

நடந்தது இது. கால்வாய் முடிந்ததும் நான் முன்னால் போனேன். அடிவாரத்தில் பல்லைக் கடித்துப் பாய்ந்தேன். இருந்த மூச்சையெல்லாம் அங்கேயே கொட்டி, பலகையை முதல் ஆளாகத் தாண்டினேன்! இரண்டு கையையும் தூக்கினேன்!

ஒருத்தர்கூட நிற்கவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு அப்படியே மேலே போய்விட்டார்கள்.

இத்தனை வருடமாக இவர்களில் யாருமே பலகையைப் பார்த்து ஓட்டியதில்லையாம். தலையைக் குனிந்து மிதிக்கிறவர்களுக்குப் பலகை எங்கே தெரியும்? பலகைக்கு எதிரில் இருக்கிற கல் சிலுவையின் பீடம்தான் கணக்காம். அது கண்ணுக்கு நேராக வருமாம். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் ஒருநாளும் அவர்களோடு அங்கே போய்ச் சேர்ந்ததில்லையே!

மீதி மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கஃபே வாசலில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க துரை," என்றார் மேடம் ஃபோர்னெரோ. "சைக்கிள் ஓட்டத் தெரியலைன்னு ஊரையே கீழ இறக்கிட்டீங்களாமே?"

"விதியில பலகைன்னுதான் மேடம் இருக்கு."

"அப்படியா? கேட்டுக்கோ, புது விதி. இனிமே பலகையைத் தொட்டே, கையை உடைச்சிடுவேன். இன்னிக்கு மட்டும் தொடலாம். மேல கொண்டு வர்றதுக்கு. மொபெட் கூடாது, மிதிச்சுக் கொண்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "உனக்கு அவ்வளவு வேணுமாடா அது?" என்று கேட்டாள். நான் ஏதோ ஜோக் அடித்தேன். என்னவென்று ஞாபகமில்லை.

பலகையை முதுகில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன். மண்டபம் வரை மிடுக்காக ஓட்டினேன். அதற்கு மேல் நடந்தது இங்கே தேவையில்லை.

18 மே, ஞாயிறு

மண்டபம் தாண்டி ஐம்பது மீட்டர் இருக்கும். பிறகு வயிறு வாய்க்கு வந்தது.

25 மே, ஞாயிறு

வால்நட் மரம் வரை! தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த மேட்டை மிதித்தால் மரம்கூடக் கிட்டே வருகிறது. ஆனால் இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. அக்காவின் அறையில் அட்டைப் பெட்டிகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அவை மட்டும் எவ்வளவு சுலபமாக ஏறுகின்றன.

1 ஜூன், ஞாயிறு

வந்துவிட்டேன்!!! குழுவோடு! சிலுவைப் பீடத்துக்கு! எல்லோரும் சாட்சி!

என் கால், என் நுரையீரல், வேறு எதுவும் இல்லை. மண்டபத்தைத் தாண்டினேன், வால்நட் மரத்துக்கு வணக்கம் சொன்னேன், மேலே வந்தேன். காபிக்காக எப்போதும் பாய்கிற அக்கா இன்று கடைசி ஆள். வயதாகிவிட்டது, பாவம். மேடம் ஃபோர்னெரோ என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "பேர் எழுதிக்கறேன்," என்றார். பொறாமைதான்.

8 ஜூன், ஞாயிறு

மூன்று மடாலயச் சுற்று முடிந்தது. தொடை இரண்டும் யாரோ கொடுத்த கடன் மாதிரி இருக்கிறது.

முதல் மடத்தில் ஒரு சுவர்தான் மிச்சம். அதற்குள் கோதுமை, அதற்கு மேல் குருவிகள். இரண்டாவதில் தூண் உச்சியில் ஒரு கல் சைத்தான், எண்ணூறு வருடமாக நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கிறது. நானும் பக்கத்தில் நின்று துருத்தினேன். அக்கா படம் எடுத்து, "இதுல எது நீ?" என்றாள். மூன்றாவது பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்து சீஸ் பன்களைத் தின்றோம். பெந்தெகொஸ்தே திருநாள் ஆனதால் எங்கிருந்தோ மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேசாமல் உட்கார எனக்கு வரும் என்று இன்றுதான் தெரிந்தது.

"பிரெஸ்ட்டுல மேடு உண்டா?" என்றேன்.

"காத்து உண்டு. அது மேட்டைவிட மோசம்."

10 ஜூன், செவ்வாய்

அக்கா போனாள். எப்போதும் தாமதமாக வருகிற ரயில் இன்று சரியான நேரத்துக்கு வந்தது.

15 ஜூன், ஞாயிறு

கழற்றிவிட்டார்கள். வால்நட் மரத்துக்கும் முன்னால்.

மண்டபத்து வளைவில் என்னை அறியாமல் முதுகை நிமிர்த்திக் காத்திருந்தேன். எதற்கு?

சரி, எழுதித் தொலைக்கிறேன். ஜூன் ஒன்றாம் தேதி அந்த வளைவில் மூச்சு முட்டி, நான் மிதிப்பதை நிறுத்தப்போன நேரத்தில் முதுகில் ஒரு கை வந்து ஒட்டியது. "திரும்பாதே, மிதி," என்றாள் அக்கா. உச்சி வரை அந்தக் கையை எடுக்கவில்லை. ஒற்றைக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னையும் தள்ளிக்கொண்டு வந்தவள் கடைசியாக வராமல் வேறு எப்படி வருவாள்? என் கால், என் நுரையீரல், அவள் கை.

இன்று கஃபேயில் மேடம் ஃபோர்னெரோவிடம் மெதுவாகக் கேட்டேன்: "அன்னிக்கு நீங்க பார்த்தீங்களா?"

"கண்ணு இருக்கே எனக்கு. பலகையைத் தொடாதேன்னுதான் சொன்னேன். முதுகைத் தொடக்கூடாதுன்னு எங்கடா சொன்னேன்?"

சொல்லிவிட்டு ஒரு காபியை என் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் அக்கா போனில், இன்று மேடு எப்படி என்று கேட்டாள். தனியாக ஏறினேன், கால் ஊன்றவே இல்லை என்றேன். "நிஜமாவா?" என்றாள். நிஜமாக என்றேன்.

ஊன்றினேன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை வால்நட் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.